‘என்னுது’ என்று சொன்னவள்

லெவினாவுக்குக் கோபம் வரப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். "நீ எந்த ஊர்?" என்று யாராவது கேட்டால் போதும். நெதர்லாந்தில் இருக்கிற குரோனிங்கன் என்பாள். "இல்ல, நிஜமா எந்த ஊர்?" என்பார்கள். அதற்கும் குரோனிங்கன்தான் என்பாள். "இந்தோனேசியாவா?" என்று மூன்றாவதாக ஒரு கேள்வி வரும் பாருங்கள், அப்போது அவள் முகத்தைப் பார்க்கச் சகிக்காது. அவள் வளர்ந்த வீட்டில் இந்தோனேசியா என்பது கெட்ட வார்த்தை. குழந்தைகள் சொன்னால் வாயில் ஒரு போடு விழும்.

கொள்ளுத்தாத்தா மலுக்குத் தீவுக்காரர். டச்சுக்காரனுடைய காலனிப் படையில் சிப்பாய். காலனி கைவிட்டுப் போனது, இந்தோனேசியா என்ற பேரில் ஜாவாக்காரன் கொடி ஏறியது. தீவுக்காரர்கள் தனி நாடு என்று அறிவித்தார்கள், ஜாவா அதையும் விழுங்கி ஏப்பம் விட்டது. டச்சு அரசாங்கம் தன் சிப்பாய்களைப் பெண்டு பிள்ளைகளோடு கப்பலேற்றி நெதர்லாந்துக்குக் கொண்டுவந்தது. ஆறே மாதம், திரும்பிவிடலாம் என்று பேச்சு. வந்து இறங்கிய கையோடு வேலை போச்சு, மரியாதை போச்சு. கொண்டுபோய்க் குடிவைத்த இடம் எது தெரியுமா? ஜெர்மன்காரன் யூதர்களை அடைத்துவைத்திருந்த அதே மரக்கொட்டகை. என்ன நெஞ்சழுத்தம் பாருங்கள்! அந்த ஆறு மாதம் இன்னும் முடியவில்லை.

பிறகு செங்கல் வீடு கட்டிக் கொடுத்தார்கள். ஒரு கிராமத்தின் ஓரத்தில் இரண்டு தெரு, ஒரு தேவாலயம், ஒரு கூடம். அங்கே வீடு காலியானால் இன்னொரு மலுக்குக்காரன்தான் குடிவரலாம், வேறு யாராவது சாமானோடு வந்தால் தெருவே மறித்து நிற்கும். லெவினா பிறந்தது அங்கேதான். ஏப்ரல் கடைசியில் தனி நாட்டுக் கொடி ஏற்றுவார்கள், மழையில் நனைந்துகொண்டே பாடுவார்கள். லெவினா நாலு வயதிலிருந்து முன்வரிசை.

பதினேழு வயதில் அவள் ஃபெர்டி என்ற பையனைக் காதலித்தாள். பக்கத்து ஊரில் இதே மாதிரி ஒரு மலுக்குத் தெருவிலிருந்து வந்தவன், கூடத்தில் கிதார் வாசிப்பவன். நாலு மாதம் சுற்றினார்கள். ஒருநாள் அவன் குடும்பத்தின் பூர்வீக ஊர் ஹுலாவேல் என்று தெரிந்தது. லெவினாவின் பூர்வீகம் அமாலெஸ்ஸி. அவ்வளவுதான், கதை முடிந்தது. அந்த இரண்டு ஊரும் பெலா. எந்தக் காலத்திலோ இரண்டு ஊர்த் தலைவர்கள் விரலைக் கீறிக் கள்ளில் ரத்தம் கலந்து குடித்துச் சத்தியம் செய்தவர்கள். அன்றிலிருந்து அந்த ஊர்க்காரனும் இந்த ஊர்க்காரனும் ஒரே ரத்தம். பெண் கொடுக்கக் கூடாது, எடுக்கக் கூடாது. ஒருத்தர் கேட்டதை இன்னொருத்தர் இல்லையென்று சொல்லக் கூடாது. ஒருத்தர் வீட்டில் இன்னொருத்தர் கேட்காமல் நுழைந்து பானையில் இருப்பதை அள்ளித் தின்னலாம், அது அவருடையதும்தான். மீறினால் செத்துப்போனவர்கள் சும்மா விடமாட்டார்கள்.

யாரும் அவளை மிரட்டவில்லை. லெவினாவே போய் ஃபெர்டியிடம் சொன்னாள். "இனிமே நீ எனக்கு அண்ணன்." அவனும் அழுதான், இவளும் அழுதாள். ஒரு வாரம் சாப்பிடாமல் கிடந்தாள். டச்சுத் தோழிகள் இதைக் கேட்டுச் சிரித்தபோது ஒருத்தியின் தலைமுடியைப் பிடித்து உலுக்கிவிட்டாள். "எங்ககிட்ட மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான்டி. நாடு போச்சு, வேலை போச்சு. இதையும் விட்டா நாங்க யாரு?"

இருபத்து மூன்று வயதில் அவள் குரோனிங்கன் நகரத்துக்குள் ஒரு பழைய வீட்டில் ரூம் எடுத்துத் தங்கி நர்சிங் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் இன்னும் மூன்று பேர். வீட்ஸே, சரித்திரம் படிக்கிற டச்சுப் பையன், உலகத்தில் எங்கே அநியாயம் நடந்தாலும் ஜன்னலில் ஒரு தட்டி தொங்கவிடுவான். மரெய்ன், பல் டாக்டருக்குப் படிக்கிற டச்சுப் பெண், எல்லாமே அவளுக்கு ‘எவ்ளோ அழகு’. காச்பெர், போலந்துக்காரன், எஞ்சினியரிங். சமையலறையில் ஒரே ஃப்ரிட்ஜ். தட்டுக்குத் தட்டு பேர் ஒட்டியிருக்கும். மரெய்னின் தட்டிலிருந்து பால் ஒரு சொட்டுக் குறைந்தாலும் வாட்ஸாப்பில் விசாரணைக் கமிஷன் உட்காரும்.

ஐந்தாவது ரூம் காலியானது. அந்த ஊரில் ரூம் கிடைப்பது குதிரைக்கொம்பு. வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் செப்டம்பர் மழையில் ஊருக்கு வெளியே கூடாரத்தில் கிடப்பார்கள். ரூம் கேட்டு வருகிறவர்களையெல்லாம் ஒரே நேரத்தில் வரவழைத்து, வட்டமாக உட்காரவைத்துக் கேள்வி கேட்டு, குடியிருப்பவர்கள் ஓட்டுப் போட்டு எடுப்பார்கள். இவர்கள் வீட்டில் நாலு பேரும் சம்மதித்தால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஒன்பது பேர் வந்து சமையலறையில் உட்கார்ந்தார்கள். ஆளுக்கு ஒரு காப்பி, ஆளுக்கு ஒரு பிஸ்கட். இரண்டாவது பிஸ்கட்டுக்குக் கை நீளுவதற்குள் மரெய்ன் டப்பாவை மூடிவிட்டாள்.

மற்ற வீடுகளில் ‘நீ ஒரு காய்கறியா இருந்தா என்ன காய்கறி?’ என்று கேட்பார்கள். வீட்ஸே அப்படிப்பட்டவன் இல்லையே. "ஏகாதிபத்தியம்னா உனக்கு என்ன தோணுது?" என்று ஆரம்பித்தான். ரூம் கேட்டு வந்த பிள்ளைகள் பாவம், விழித்தார்கள். ஒரு துருக்கிப் பையன், "எங்க ஆளுங்களும் ஒண்ணு வெச்சிருந்தாங்க, நல்லாத்தான் நடத்தினாங்கன்னு தாத்தா சொல்வார்" என்றான். வீட்ஸே பேரை அடித்துவிட்டான். ஒரு பெல்ஜியப் பெண் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு அழவே ஆரம்பித்தாள். காச்பெர் கொட்டாவி விட்டான். "இவனுங்க ஏகாதிபத்தியம்னா கப்பல்லதான் வரும்னு நெனைக்கிறானுங்க. எங்களுக்கு ரயில்ல வந்துச்சு, கிழக்கே இருந்து. அதைச் சொன்னா இவன் தட்டி எழுத மாட்டான்" என்று லெவினாவின் காதில் முணுமுணுத்தான்.

கடைசியாக உட்கார்ந்திருந்தவள் மின்சே. மலுக்குத் தீவுகளில் இருக்கிற ஆம்போனிலிருந்து வந்தவள், கடல்மீன் பற்றி மேல்படிப்பு. இரண்டு வாரமாகக் கூடாரத்தில் இருக்கிறாள் என்பது அவளுடைய ஷூவைப் பார்த்தாலே தெரிந்தது.

"தினமும் எந்திரிச்சு அதை நெனைக்க எங்க ஊர்ல எனக்கு நேரம் இல்ல" என்றாள். "இங்க வந்தப்பறம்தான் நெனப்பு வருது. பத்து ரூம் கேட்டேன், எட்டுல ‘டச்சு பேசறவங்க மட்டும்’னு போட்டிருந்துச்சு. எங்க ஊருக்கு நீங்க முந்நூறு வருஷம் வந்து தங்கினப்ப எங்க பாஷை தெரியுமான்னு நாங்க கேக்கலையே."

வீட்ஸேவுக்குப் புல்லரித்துவிட்டது. மரெய்ன் கைதட்டினாள். "ஆம்போன்! லெவினா, இவ உங்க ஊரு! எவ்ளோ அழகு! ரெண்டு பேரும் கட்டிப்புடிச்சுக்கோங்க!"

லெவினா நகரவில்லை. "எந்த நாட்டு பாஸ்போர்ட்?"

"இந்தோனேசியா. வேற என்ன இருக்கும்?"

"ஜாவாக்காரன் போட்ட பிச்சைய ஜம்பமா சொல்ற."

மின்சே அவளை மேலும் கீழும் பார்த்தாள். "உன்னுது எது? நெதர்லாந்துதானே? அது மட்டும் என்ன, வானத்துல இருந்து விழுந்துச்சா?"

"எங்களை ஏமாத்தினவன் டச்சுக்காரன், எங்க தீவை முழுங்கினவன் ஜாவாக்காரன். ரெண்டும் ஒரே குட்டையில ஊறினதுங்க. நீ அதுல ஒருத்தன் காலைப் புடிச்சு ஸ்காலர்ஷிப்ல வந்துட்டு இன்னொருத்தன் வீட்டுல ரூம் கேக்கற. வெக்கமா இல்ல?"

"ஏமாந்த கதை எல்லாம் சரி. அதுக்கு முன்னாடி உங்க கொள்ளுத்தாத்தா யார் குடுத்த துப்பாக்கிய யார் மேல நீட்டினாரு? அதை மொதல்ல சொல்லு. அச்சேயில, ஜாவாவுல டச்சுக்காரனுக்காகச் சுட்டது யாரு? ஏகாதிபத்தியத்தை எங்கெங்கேயோ தேடறீங்க. உங்க வீட்டு அலமாரியில மடிச்சு வெச்சிருப்பீங்க பாரு, இஸ்திரி போட்டு."

சுருக்கென்று தைத்தது. அப்பாவின் அலமாரியில் கொள்ளுத்தாத்தாவின் காக்கிச் சட்டை உண்மையிலேயே இருந்தது, அந்துருண்டை போட்டு. லெவினாவுக்குக் காது மடல் கொதித்தது.

"வருஷா வருஷம் நாங்க கொடி ஏத்தறோம். நீங்க? பயந்தாங்கொள்ளிங்க!"

"நீங்க மழையில கொடி ஏத்திட்டு உள்ள போய் கேக் வெட்டுவீங்க. அந்த ஃபோட்டோவைப் பாத்துட்டு எங்க மாமா அதே கொடிய எங்க ஊர் மேட்டுல ஏத்தினார். பத்து வருஷம் உள்ள வெச்சான். திரும்பி வந்தப்ப வாயில பல்லு இல்ல. உங்க கொடிக்கு எங்க பல்லு! ஒருத்தராவது வந்து எட்டிப் பாத்தீங்களா?"

"அடைச்சது யாரு, நாங்களா? அடைச்சவன் பாஸ்போர்ட்டைத்தானே நீ பையில வெச்சுக்கிட்டுத் திரியற!"

வீட்ஸே இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுவில் வந்தான். "ஒரு நிமிஷம், ஒரு நிமிஷம். நீங்க ரெண்டு பேருமே ஒரே ஏகாதிபத்தியத்தால பாதிக்கப்பட்டவங்க. அடிப்படையில பாத்தா—"

"நீ வாய மூடு!" என்றார்கள் இரண்டு பேரும், ஒரே குரலில். காச்பெருக்குச் சிரிப்பில் காப்பி மூக்கில் ஏறிவிட்டது.

மற்ற எட்டுப் பேரும் ஆளுக்கொரு சாக்குச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். மின்சே மட்டும் போகவில்லை. மூச்சு வாங்க நின்றவள் சட்டென்று தீவு மலாய்க்கு மாறி, "உங்க பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேட்டாள்.

"அமாலெஸ்ஸி."

மின்சே முகத்தில் இருந்த சண்டை அப்படியே வடிந்துபோயிற்று. "நான் ஹுலாவேல்" என்றாள்.

சொல்லிவிட்டு நேரே ஃப்ரிட்ஜிடம் போனாள். திறந்தாள். பேர் ஒட்டிய தட்டுகளில் லெவினாவின் தட்டைக் கண்டுபிடித்தாள். அம்மா கொடுத்தனுப்பிய மஞ்சள் மீன்குழம்பு டப்பாவை எடுத்தாள், மூடியைத் திறந்தாள், அலசிவைத்திருந்த கரண்டி ஒன்றை எடுத்து, நின்றபடியே ஆறின குழம்பை ஒரு வாய் தின்றாள். பிறகு இன்னொரு வாய்.

மரெய்னுக்குக் கண் பிதுங்கிவிட்டது. வீட்ஸேவின் வாய் திறந்தது திறந்தபடி நின்றது.

அது என்ன என்று பார்த்துக்கொண்டிருந்தவர்களில் லெவினாவுக்கு மட்டும்தான் தெரியும். அது திருட்டு இல்லை, திமிரும் இல்லை. சண்டையை நிறுத்த ஒரு ஹுலாவேல்காரிக்குத் தெரிந்த ஒரே வழி அது. உன் கொள்ளுத்தாத்தா எந்தச் சட்டை போட்டிருந்தாலும், என் பையில் எந்த பாஸ்போர்ட் இருந்தாலும், உன் பானை என் பானை என்று அவள் வாயைத் திறக்காமல் சொல்லிவிட்டாள். பதிலுக்கு லெவினா சொல்ல வேண்டியது ஒரே வார்த்தை. ‘சாப்பிடு.’ சொல்லிவிட்டால் ரூமும் அவளுடையதுதான், இல்லையென்று சொல்ல எந்த அமாலெஸ்ஸிக்காரிக்கும் அதிகாரம் கிடையாது. சொல்லாவிட்டால், ஃபெர்டியைக் கைவிடவைத்த அந்தச் சட்டத்தையே இவள் காலில் போட்டு மிதித்ததாகிவிடும். எல்லாம் லெவினாவுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏய், அது லெவினாவோட தட்டு!" என்றாள் மரெய்ன்.

"மின்சே, மன்னிச்சுக்கோ" என்று வீட்ஸே கனிவாகச் சொன்னான், "எங்க வீட்டுல கேக்காம எடுக்கற வழக்கம் இல்ல. அவங்கவங்க தட்டு அவங்கவங்களுக்கு."

முந்நூறு வருஷம் கேட்காமல் எடுத்தவர்களின் பேரன் சொல்கிறான்! வேறு ஒரு நாளாக இருந்தால் லெவினா அவனை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பாள். அன்றைக்குக் காதில் அந்த அலமாரிச் சட்டைப் பேச்சுதான் இரைந்துகொண்டிருந்தது. இஸ்திரி போட்டு, என்றாளே. இவள் யார், நேற்று விமானத்தில் வந்து இறங்கினவள், எங்கள் கொள்ளுத்தாத்தாவைக் கொலைகாரன் என்றுவிட்டு என் சோற்றில் கைவைக்கிறாளா? எல்லாரும் லெவினாவையே பார்த்தார்கள். மின்சேவும் கரண்டியைப் பிடித்தபடி பார்த்தாள்.

"என்னுது" என்றாள் லெவினா, எல்லாருக்கும் புரிகிற பாஷையில். "என்னை யாரும் கேக்கல."

மின்சேவின் வாயில் இருந்தது உடனே இறங்கவில்லை. கஷ்டப்பட்டு விழுங்கினாள். டப்பாவை மூடினாள், அதே தட்டில் வைத்தாள், கரண்டியைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். கதவைக்கூட மெதுவாகத்தான் சாத்தினாள்.

ஓட்டெடுப்பு நடந்தது. "பசிச்சிருக்கும்பா. ஒரு கரண்டி மீனுக்கு இவ்ளோ ஆர்ப்பாட்டமா?" என்றான் காச்பெர். "லெவினாவுக்கு ஓகேன்னா எனக்கு ஓகே." மரெய்ன் தயங்கினாள். வீட்ஸேகூட, "அவ சொன்ன கருத்தெல்லாம் பிரமாதம், அந்தத் தட்டு விஷயத்தைப் பேசித் தீத்துக்கலாம், லெவினா என்ன சொல்றாளோ அதுதான்" என்றான். ஆக எல்லாம் சுற்றி வந்து அவள் தலையிலேயே விழுந்தது.

"வேண்டாம்" என்றாள் லெவினா.

வீட்ஸே அவள் தோளில் தட்டிக் கொடுத்தான். "உன் எல்லை எதுன்னு தெளிவா சொன்ன. நல்ல விஷயம்." அவன் கையைத் தட்டிவிட்டு அவள் மாடிக்குப் போய்விட்டாள். ரூம் உத்ரெக்ட்டிலிருந்து வந்த ஒரு பையனுக்குப் போயிற்று. ஏகாதிபத்தியம் பற்றித் தனக்குக் கருத்தே இல்லை, பாத்திரம் நன்றாகக் கழுவுவேன் என்று சொன்னவன்.

அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. மீன்குழம்பைக் குப்பையில் கொட்டினாள். ஆஸ்பத்திரியில் ஊசியைத் தப்பான இடத்தில் குத்தி, ஒரு கிழவரிடம் வசவு வாங்கினாள். நான் என்ன தப்பு செய்தேன், அவள் பேசினது மட்டும் நியாயமா என்று தனக்குத்தானே வாதாடிப் பார்த்தாள். வாதத்தில் ஒவ்வொரு தடவையும் ஜெயித்தாள். அப்படியும் தூக்கம் வரவில்லை.

சனிக்கிழமை வீட்டுக்குப் போனாள். கூடத்தில் யாருக்கோ பிறந்தநாள். தட்டில் வறுவலோடு உட்கார்ந்திருந்தபோது பின்னாலிருந்து ஒரு கை வந்து மீன் துண்டை எடுத்தது. ஃபெர்டி. இடுப்பில் அவனுடைய குழந்தை. "என்ன பெலா, இளைச்சுட்ட?" என்று சிரித்துக்கொண்டே தின்றான், பாதியைக் குழந்தை வாயில் வைத்தான், அவன்பாட்டுக்குப் போய்விட்டான். லெவினா தட்டை வைத்துவிட்டுக் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். நாசமாய்ப் போனேன், நாசமாய்ப் போனேன் என்று நெற்றியில் அடித்துக்கொண்டாள். யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொன்னால் அவர் மூச்சே நின்றுவிடும்.

ஞாயிறு காலை அம்மாவின் அடுப்பில் தானே நின்று மீன்குழம்பு வைத்தாள். சூடாக டப்பாவில் ஊற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்து, பஸ் பிடித்து, சைக்கிள் மிதித்து ஊருக்கு வெளியே கூடாரங்களுக்குப் போனாள். சேறு முழங்கால் வரை. ஒரு ஸ்பானியப் பெண் சின்ன அடுப்பில் நூடுல்ஸ் வேகவைத்துக்கொண்டிருந்தாள். "ரூம் ஏதாவது இருக்கா? சொல்ல வந்தியா? நானும் மின்சேவும் இன்னும் தேடிட்டுத்தான் இருக்கோம்" என்று ஆவலாகக் கேட்டாள். அந்தக் குரல் கேட்டுக் கூடாரத்திலிருந்து மின்சே வெளியே வந்தாள். மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

லெவினா தீவு மலாயில் பேசினாள். வழியெல்லாம் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தது. "என் ரூமை எடுத்துக்கோ. நான் அப்பா வீட்டுல இருந்து போய் வந்துக்கறேன். கூட இருக்கறவங்ககிட்ட பேசிட்டேன், பேசலன்னாலும் பேசிப்பேன். என்னைத் திட்டு. ரெண்டு அறை வேணாலும் அறை. ஆனா வா. என்ன வேணுமோ கேளு, மின்சே. கேளேன்."

மின்சே அவள் பேசி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டாள். அப்புறம் டச்சில் பதில் சொன்னாள். மொழி வகுப்பில் அந்நியர்களிடமும் ஆபீஸர்களிடமும் பேசக் கற்றுக்கொடுப்பார்களே, அந்த டச்சு. வார்த்தைக்கு வார்த்தை யோசித்து, தப்பில்லாமல்.

"இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, மேடம். ரொம்ப நன்றி. எனக்கு எதுவும் வேண்டாங்க."

நன்றி. இரண்டு ஊருக்கும் சத்தியம் நடந்த நாளிலிருந்து ஒரு ஹுலாவேல் வாய் ஒரு அமாலெஸ்ஸி காதில் சொல்லாத வார்த்தை அது. தன் வீட்டுப் பானையில் அள்ளித் தின்றவர்கள் யாருக்கு நன்றி சொல்வார்கள்? உயிரைக் கொடுத்தாலும் சொல்ல மாட்டார்கள். ஃபெர்டி சொன்னதில்லை. அவன் அப்பா, புயலில் பிய்ந்த கூரையை இவள் அப்பா போய் ஏறிச் சரிசெய்து கொடுத்தபோதுகூடச் சொன்னதில்லை.

"அப்படிச் சொல்லாத" என்றாள் லெவினா. "உன் காலைப் புடிச்சுக் கேக்கறேன், அதை மட்டும் சொல்லாத. வேணாம்னா மூஞ்சியில கொட்டிட்டுப் போ."

மின்சே அவள் கையிலிருந்த டப்பாவை வாங்கினாள். ஒரு நொடி லெவினாவுக்கு உயிர் வந்தது. மின்சே ஸ்பானியப் பெண்ணின் தட்டில் பாதியும் தன் தட்டில் பாதியும் குழம்பை ஊற்றினாள், விருந்தாளி கொண்டுவந்ததைப் பங்கு வைப்பதுபோல. குழாயடிக்குப் போய் டப்பாவை சோப்புப் போட்டுக் கழுவினாள். மூடியைத் தனியாகக் கழுவினாள். தன் துண்டால் ஈரம் போகத் துடைத்தாள். திரும்பி வந்து, டச்சுக்காரர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுப்பதுபோல இரண்டு கையாலும் நீட்டினாள்.

"ரொம்ப ருசியா இருக்கும்னு வாசனையிலேயே தெரியுதுங்க. ரொம்ப நன்றி, மேடம்."

லெவினா டப்பாவை வாங்கிக்கொண்டாள். ஏதாவது சொல்லியாக வேண்டும். மலாயில் அதற்குப் பதில் என்னவென்று அவள் வீட்டில் யாரும் அவளுக்குச் சொல்லித்தந்ததில்லை.

"பரவாயில்லைங்க" என்றாள், டச்சில்.